இருநூற்றுப் பதினான்காம் ஷீட்

நான் லீவில் இருந்த நாளில் என்னை அதிகாரியாக்கிவிட்டார்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, மறுநாள் வேலைக்கு வந்தவனைப் பார்த்து வாசல் காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பதினாறு வருடமாக அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறேன், அந்த மனுஷன் எனக்காக நாற்காலியை விட்டு எழுந்ததே கிடையாது. வீக்கத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நானும் பதிலுக்கு ஒரு வணக்கம் போட்டுவைத்தேன். அப்புறம்தான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். ‘கல்நார் பொறுப்பு அலுவலர்’ என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். ஊரே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று சொல்வதை அரசாங்கக் காகிதம் மட்டும் கல்நார் என்று சொல்லும். எங்கள் கட்டடத்தில் நாலு மாடிக்கும் உள்கூரை அந்த ஷீட்தான். என்றைக்கோ யாரோ அடித்துவிட்டுப் போனது. அண்ணாந்து பார்க்கிற வழக்கம் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இல்லாததால் அது அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

எங்கள் அலுவலகத்தின் பெயர் அரசுப் படிவங்கள் இயக்ககம். மற்ற இலாகாக்களுக்கு வேண்டிய விண்ணப்பம், உறுதிமொழி, ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வரைந்து, அச்சடித்து அனுப்புகிற இடம். பிறந்தவன், செத்தவன், மாட்டைத் தொலைத்தவன், எவனாக இருந்தாலும் எங்கள் கட்டத்துக்குள் வந்துதான் ஆகவேண்டும். அதனால் எங்கள் மேலதிகாரிகளுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. ஒரு விஷயத்தை எழுத ஒரு கட்டம் இருந்தால் அந்த விஷயம் தீர்ந்தது என்பார்கள்.

இத்தனை பேர் இருக்க என்னை ஏன் பிடித்தார்கள் என்று விசாரித்தேன். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்ததாம். கல்நார் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும், அவர் எல்லாத் தளங்களுக்கும் அன்றாடம் போய்வருபவராக இருக்கவேண்டும் என்று அதில் இருந்ததாம். அதிகாரிகள் இரண்டு மணி நேரம் கூடிப் பேசியிருக்கிறார்கள். தாங்கள் நாற்காலியை விட்டு நகர்வதில்லை என்பதை அவரவர் பெருமையாகவே ஒப்புக்கொண்டபின், எல்லா மாடிக்கும் போய்வருகிற ஒரே ஆள் லிஃப்ட்காரன்தான் என்று முடிவாகியிருக்கிறது. லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை, நான் தரைத்தளத்தில் அதன் கதவைத் திறந்துவைத்து உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த நேரத்தில் நான் பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு பச்சை மேலங்கி, ஒரு விசில், இரண்டு கனத்த பதிவேடுகள் கொடுத்தார். ஐம்பத்தேழு வயது மனிதர். எதையும் கண்காணித்து நான் பார்த்ததில்லை என்றாலும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பொறுப்பெல்லாம் சரி, அதிகாரம் என்ன சார் என்று கேட்டேன்.

“பொறுப்பு ஒனக்குய்யா. அதிகாரம் எங்ககிட்ட பத்திரமா இருக்கும், நீ கவலப்படாத,” என்றார்.

என் மனைவி மூன்றாம் மாடியில் பைண்டிங் பிரிவில் இருக்கிறாள். மேலங்கியைப் பார்த்துவிட்டு, ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவர் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, பசைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கு ஒரே பெண், மூன்று வயது. உருண்டு உருண்டு ஓடுவதால் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காலையில் வரும்போதே தரைத்தளத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிடுவோம். அலுவலகத்துப் பிள்ளைகள் மொத்தம் பதினொன்று. அத்தனையையும் ஒற்றை ஆளாகக் காப்பக அக்கா மேய்ப்பார். அவர் ஒரு பார்வை பார்த்தால் பதினொன்றும் படுத்துத் தூங்கும்.

எனக்குப் பயிற்சி அரை நாள். வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். இந்த விவகாரத்தில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஷீட் முழுசாக இருக்கும்வரை தொந்தரவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். உடைக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, துளை போடக்கூடாது. போட்டால் கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகக் கிளம்பும். மூச்சோடு உள்ளே போனால் அங்கேயே குடித்தனம் பண்ணும். முப்பது, நாற்பது வருடம் கழித்து நுரையீரலில் தன் வேலையைக் காட்டும். உடைந்தால் உடனே அறையைப் பூட்டு, துடைப்பத்தைத் தொடாதே, முறையாகப் பயின்ற ஆளைக் கூப்பிடு. அவ்வளவுதான். சுற்றறிக்கையில் இது நாற்பத்தாறு பக்கம்.

நாற்பது வருடம் என்று கேட்டதும் கூடத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கிளம்பியது. முன்வரிசையில் இருந்த கண்காணிப்பாளர் விரல்விட்டு எண்ணினார். “அப்ப எனக்குத் தொண்ணூத்தேழு. பாத்துக்கலாம்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நானும் எண்ணினேன். பட்டாணிக்கு நாற்பத்து மூன்று வரும். எனக்கு இப்போது நாற்பத்திரண்டு. அன்று காலையில்தான் அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருந்தேன். நாற்பத்து மூன்று ஒரு வயசா என்ன? எனக்குப் பெருமூச்சு வரவில்லை.

மறுநாள் படியேறி, நாலாம் மாடியில் தொடங்கித் தரைத்தளம்வரை இறங்கி ஷீட்டுகளை எண்ணி எண் போட்டேன். இருநூற்றுப் பதினாலு வந்தது. கடைசி ஷீட் காப்பகத்தில், பிள்ளைகள் பாய் விரித்துத் தூங்கும் மூலைக்கு நேர் மேலே இருந்தது. ஷீட்டின் நிலையைக் குறிக்க எங்கள் இயக்ககமே புதிதாக ஒரு படிவம் தயாரித்திருந்தது. அதில் மூன்று கட்டங்கள்: நன்று, மிக நன்று, மிக மிக நன்று. இருநூற்றுப் பதினான்காம் ஷீட்டை மிக நன்று என்று குறித்தேன். அன்றைக்கு அது உண்மைதான்.

வினை சுற்றறிக்கையின் அடுத்த பத்தியில் இருந்தது. ஒவ்வொரு ஷீட்டிலும் எச்சரிக்கைப் பலகை ‘நிலையாக’ இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பசை போட்டு ஒட்டினால் நிலையா, ஆணி அடித்தால் நிலையா என்று ஒரு துணைக்குழு யோசித்து, ஒரு ஷீட்டுக்கு ஒரு தகரப் பலகை, ஒரு பலகைக்கு நாலு ஸ்க்ரூ என்று முடிவு செய்தது. பலகையில் இருந்த வாசகம் இது: ‘எச்சரிக்கை. இது கல்நார். துளையிடாதீர்.’ துளையிடாதீர் என்பது மட்டும் சிவப்பு. அதைப் பொருத்த டிரில்லிங் மெஷினோடு இரண்டு பேர் வந்தார்கள்.

நான் அப்போது நாலாம் மாடியில் இருந்தேன். விசிலைப் பெற்றுக்கொண்டதற்கு மூன்று அதிகாரிகளிடம் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்திருந்தால் என் கண்ணில் பட்டிருப்பார்கள். ஏணி காப்பகத்தில் சாத்தியிருந்ததால் கடைசி எண்ணிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல வேளை, பிள்ளைகள் பின்வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மூன்றாவது துளை போடும்போது ஷீட்டின் மூலை விரிந்து, தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பாயில் விழுந்தது. காப்பக அக்கா போட்ட சத்தம் நாலாம் மாடிக்கே கேட்டது.

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, வாழ்க்கையில் முதல் முறையாக விசில் ஊதினேன். ஏணிமேல் நின்றவர் ரொம்ப மரியாதைக்காரர். “நாலாவது ஸ்க்ரூவ மட்டும் போட்டுக்கறேன் சார். இல்லன்னா போர்டு ஆடும்,” என்று கேட்டுக்கொண்டார்.

உள்ளே கால் வைக்காமல் வாசலில் நின்றபடியே இருவரையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டினேன். கதவுக்கு அடியில் ஈரத் துணியைத் திணித்தேன். பரிசோதனைக் கூடத்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். செய்தது சரி என்றார். முறையான ஆட்களை அனுப்பினால் அரை நாள் வேலை, ஷீட்டையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், ஆனால் உங்கள் டைரக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வேண்டும் என்றார். ஒரே ஒரு கையெழுத்துதானே, மாலைக்குள் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். பதினாறு வருடம் அங்கே வேலை பார்த்தவன் அப்படி நினைத்திருக்கக்கூடாது.

சேத அறிவிப்புக்கு அதே படிவம்தான். நன்று, மிக நன்று, மிக மிக நன்று. எதில் டிக் போடுவது? பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, ‘உடைந்தது’ என்று எழுதி டிக் போட்டுக் கொடுத்தேன். படிவத்தைப் பார்த்த கண்காணிப்பாளர் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் இயக்ககத்தில் கொலை பண்ணிவிட்டு வந்தாலும் உட்காரவைத்துப் பேசுவார்கள், அச்சடித்த படிவத்தில் கையால் கட்டம் வரைந்தவனை மன்னிக்கமாட்டார்கள்.

“ஏன்யா, ஒடஞ்சதுன்னு ஒரு கட்டம் போட்டா என்ன ஆகும்? எல்லா ஆபீஸ்லயும் ஒடஞ்சதுன்னு எழுத ஆரம்பிச்சிடுவான். இப்ப நாடு பூரா ஒரு ஷீட்டாவது ஒடஞ்சதா ரிப்போர்ட் இருக்கா? ஏன் இல்ல? கட்டம் இல்ல,” என்றார்.

சொல்லிவிட்டு அவரே ‘நன்று’ என்பதில் டிக் போட்டார். மிக நன்றிலிருந்து நன்றுக்கு இறக்கியிருக்கிறேன், இதுவே பெரிய நடவடிக்கை என்று என்னைத் தேற்றினார்.

பிள்ளைகள் நடைபாதையில் இருந்தன. காப்பக அக்கா சுவரோரம் துணி விரித்துப் பதினொன்றையும் உட்காரவைத்திருந்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். பட்டாணிக்கு ஏகக் கொண்டாட்டம், என் ஸ்டூல் வரை ஓடி வந்து ஓடிப்போனாள். இரண்டாம் நாள் தீயணைப்புப் பொறுப்பு அலுவலரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் நிஜத்தில் எங்கள் தோட்டக்காரர். தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர் என்று அவரைப் போட்டிருந்தார்கள். தீப்பிடித்தால் ஊழியர்கள் ஓட நடைபாதை காலியாக இருக்கவேண்டும், குழந்தைகள் வெள்ளிக்கிழமைக்குள் உரிய அறைக்குத் திரும்பவேண்டும் என்று அதில் இருந்தது. கீழே தனியாக, ‘நான் எழுதவில்லை, எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டேன், மன்னிக்கவும்’ என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

வேறு அறை கேட்டேன். நாலு மாடியில் ஆறு அறைகளில் பழைய படிவங்கள் அடுக்கிக் கிடந்தன. படிவங்களைக் காலி செய்யப் படிவம் இல்லை என்றார்கள். சரி, அந்த அறையில் ஆபத்து இருக்கிறது என்றாவது எழுதுங்கள் சார் என்றேன். கண்காணிப்பாளர் என்னை உட்காரவைத்து, பொறுமையாக விளக்கினார். விதி பணியாளரைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஆபத்துக் கணக்கு என்றால், அறையில் உள்ள பணியாளர் எண்ணிக்கையைச் சேதத்தின் அளவால் பெருக்கவேண்டும். குழந்தைகள் பணியாளர் இல்லை. காப்பக அக்கா ஒப்பந்தக்காரரின் ஆள், நம் ஆள் இல்லை. ஆகவே அறையில் பணியாளர் பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். என் கண் முன்னாலேயே பெருக்கிக் காட்டினார். ஒரு தப்பும் இல்லை.

அந்தப் பூஜ்யம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மேலே போன பட்டியலில் கட்டடத்திலேயே குறைந்த ஆபத்து எந்த அறையில் என்று யாரோ தேடியிருக்கிறார்கள். சேதமே இல்லாவிட்டாலும் அளவு ஒன்று என்பதால், ஆட்கள் உட்காரும் மற்ற அறைகளில் எல்லாம் நாலு, ஏழு, பன்னிரண்டு என்று இருந்தது. பூஜ்யம் ஒன்றுதான். ‘மிகப் பாதுகாப்பான அறை’ என்று காப்பகத்துக்குக் கேடயம் அறிவித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை டைரக்டரே வந்து ரிப்பன் வெட்டி, குழந்தைகளை உள்ளே அழைத்துச் சென்று, கேடயத்தைச் சுவரில் மாட்டுவார். எப்படி மாட்டுவார் என்று கேட்டேன். ஆணி அடித்துத்தான் என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பட்டாணி என் மேலங்கியைப் போட்டுக்கொண்டு விசில் ஊதிக்கொண்டிருந்தாள். மனைவிக்கு அதுவரை சிரிப்பாக இருந்த சமாசாரம் இப்போது சிரிப்பாக இல்லை. இரண்டு பேரில் ஒருவர் வேலையை விடலாமா என்றுகூடப் பேசிப் பார்த்தோம். நம் பிள்ளையை நாம் தூக்கிக்கொண்டு போய்விடலாம், மீதி பத்துப் பிள்ளைகளை என்ன செய்வது என்று அவளே கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொன்னேன். அவளும் பயமாக இருக்கிறது என்று சொன்னாள். பிறகு, அந்த இரண்டாவது பதிவேடு எதற்கு என்று கேட்டாள். நான் அதுவரை அதைத் திறந்தே பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்து படித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை காப்பகத்து வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். கதவு பூட்டியே இருந்தது, சாவி என் பையில். பதினொரு பிள்ளைகளும் தலை வாரி, வரிசையாகத் தரையில். பின்னால் நாலு மாடி ஊழியர்களும் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. மைக் பிடித்து இருபது நிமிடம் பேசினார்.

“மற்ற இலாகாவுல ஆபத்து இருந்தா குறைக்கிறாங்க. நாம அப்படி இல்ல. ஆபத்துல இருக்கிற ஆளோட எண்ணிக்கையையே குறைச்சிட்டோம். இந்த அறையில இன்னிக்கு ஒரு பணியாளர்கூட ஆபத்துல இல்ல. இது எப்படி முடிஞ்சுது? குழந்தைகளை நாம பணியாளரா எடுக்கல. தொலைநோக்கு வேணும். ஒரு நாளும் நம்ம இயக்ககம் குழந்தைகளைக் கணக்குல சேர்த்துக்கிட்டதில்ல, இனிமேலும் சேர்த்துக்காது.”

கைதட்டினார்கள். என்ன பேசினார் என்று காதில் வாங்கிக்கொண்டவர்கள் கொஞ்சம் லேட்டாகத் தட்டினார்கள். டைரக்டர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். நான் பச்சை மேலங்கியோடு குறுக்கே போய் நின்று, இரண்டாவது பதிவேட்டைத் திறந்து நீட்டினேன்.

அது வெளிப்பாட்டுப் பதிவேடு. சேதமான ஷீட் உள்ள அறைக்குள் போகும் ஒவ்வொரு பணியாளரின் பெயரையும் அதில் எழுதவேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அவருக்கு நெஞ்சுப் பரிசோதனை. பதிவேட்டை நாற்பது வருடம் பூட்டிவைக்கவேண்டும். இது சுற்றறிக்கையின் நாற்பத்தைந்தாம் பக்கம், யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. எல்லாவற்றையும் பணிவாகச் சொல்லி, பேனாவையும் கொடுத்தேன்.

டைரக்டர் பக்கத்தைப் புரட்டினார். வெள்ளையாக இருந்தது. இதுவரை யார் பெயரெல்லாம் எழுதியிருக்கிறது என்று கேட்டார். யாருமே இல்லை, நீங்கள்தான் முதல் ஆள் சார் என்றேன். எல்லாவற்றிலும் தாம் முதலாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர்தான். அன்றைக்கு அந்த ஆசை அவர் முகத்தில் தெரியவில்லை. முதலில் நீங்கள் போங்கள் என்று கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் முழங்கால் வலிக்கிறது என்றார். உள்ளே போக ஒரு படிகூடக் கிடையாது.

“அப்ப... இந்தப் பசங்க பேரெல்லாம் எழுத வேண்டாமா?” என்று டைரக்டர் என்னைக் கேட்டார்.

“வேண்டாம் சார். அவங்க பணியாளர் இல்ல. நீங்கதான் பணியாளர்,” என்றேன்.

டைரக்டர் ரிப்பனுக்கு இந்தப் பக்கமே நின்றார். கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. அப்போதுதான் என் மனைவி பைண்டிங் மேலங்கியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வரிசையில் முதலாவதாக இருந்த பட்டாணியைத் தூக்கி, டைரக்டரின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையில் பிள்ளையை உட்காரவைத்தாள்.

“நீங்க உள்ள போக வேண்டாம் சார். கதவுக்கு அந்தப் பக்கம் இவள மட்டும் எறக்கி விட்டுடுங்க. மத்தவங்க ஒவ்வொருத்தரா வரட்டும்,” என்றாள். சிரித்த முகமாகவே சொன்னாள்.

பட்டாணிக்கு அந்நியம் என்பதே கிடையாது. அவர் சட்டைப் பையிலிருந்து முதல் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். டைரக்டர் பூட்டிய கதவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் பிள்ளை தூக்கினவர்தான் என்று பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. சாவி வேண்டும் என்று அவர் கையை நீட்டினால் கொடுப்பேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் சாவி கேட்கவில்லை. அந்த ஷீட்டை எடுக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார். கண்காணிப்பாளர் முன்னால் வந்து, குழு அமைக்க மூன்று மாதம், குழுவுக்குப் படிவம் அச்சடிக்க நாலு மாதம், குழு கூட நாலு மாதம், ஆக விதிப்படி பதினோரு மாதம் என்றார்.

“அரை நாள் சார். கையெழுத்து மட்டும் பாக்கி,” என்றேன்.

கடிதம் என் மேலங்கிப் பையில் தயாராக இருந்தது. மனைவி வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்திருந்தாள். டைரக்டர் பட்டாணியை இறக்கிவைக்காமலேயே, என் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் எல்லாப் பேனாவும் பட்டாணியிடம் போயிருந்ததால் அவளிடம் கேட்டுத்தான் ஒன்றை வாங்கினார். அந்தக் கையெழுத்து முதுகில் ஓடியது இன்னும் எனக்குக் கூசுகிறது.

சனிக்கிழமை அந்த அம்மா நாலு ஆட்களோடு வந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி. அறைக்குள்ளேயே பாலிதீனில் ஒரு கூடாரம் கட்டினார்கள். ஷீட்டை நன்றாக நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, மேற்கொண்டு ஒரு சில்லும் உடையாமல் இறக்கி, இரண்டு உறை போட்டுக் கட்டினார்கள். பாயையும் சேர்த்துக் கட்டினார்கள். எல்லாவற்றையும் ஈரத்தால் துடைத்து, காற்றைப் பிடித்துப் பரிசோதித்து, இனிப் பிள்ளைகளை விடலாம் என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்தார். கட்டமே இல்லாத வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். மேலே சாதாரணப் பலகை ஒன்றை அடித்தார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. காப்பக அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிவேட்டின்படி ஷீட்டுகள் இருநூற்றுப் பதினாலு, தற்போது எண்ணினால் இருநூற்றுப் பதின்மூன்று, அரசாங்கச் சொத்து ஒன்று குறைவது எப்படி? மேலும், கல்நார் இல்லாத அறை கல்நார்ப் பாதுகாப்புப் பரிசுக்குத் தகுதியற்றது என்பதால் கேடயத்தைத் திருப்பி ஒப்படைக்கவும். டைரக்டர் அன்று என் கையில் விட்டுப்போன கேடயத்தைச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். விளக்கத்தில், ஷீட் போனது உண்மை, போக்கினவன் நான்தான், அதற்காக எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினேன். கடைசி வரியை அடிக்கச் சொன்னாள் மனைவி. நான் அடிக்கவில்லை.

ஆனால் நடைபாதையில் நடந்ததை நாலு மாடியும் பார்த்திருந்தது. எல்லோரும் வரிசையாக அண்ணாந்து பார்த்து விரிசல் தேட ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை தபால் பிரிவுக்காரர் தன் தங்கையின் இரட்டைப் பிள்ளைகளோடு டைரக்டர் அறை வாசலில் நின்றார். அவருக்கு இரண்டு ஷீட்டுக்குக் கையெழுத்துக் கிடைத்தது. புதன்கிழமை அச்சுப் பிரிவிலிருந்து மூன்று பிள்ளைகள் வந்தன. டைரக்டர் இப்போதெல்லாம் ஒரே ஒரு பேனாவோடு வருகிறார்.

வியாழக்கிழமை பிள்ளைகள் தூங்கி எழுந்த நேரம். பட்டாணியைப் பார்க்க நானும் மனைவியும் காப்பகத்தில் இருந்தோம். கண்காணிப்பாளர் தயங்கித் தயங்கி வந்து வாசலில் நின்றார். தன் நாற்காலிக்கு மேலே உள்ள ஷீட்டில் ஒரு கீறல் இருக்கிறது, ரொம்ப நாளாகவே இருக்கிறது போல, இப்போதுதான் பார்த்தேன் என்றார். தனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்றார். பட்டாணியை ஒரு பத்து நிமிடம் தர முடியுமா என்று கேட்டார்.

என் மனைவி முதலில் மசியவில்லை. “ஒங்களுக்கு எதுக்கு சார் புள்ள? நீங்கதான் பணியாளராச்சே. பதிவேட்டுல ஒங்க பேரு இருக்குமே,” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

“பதிவேட்டுல பேரு மட்டுந்தாம்மா இருக்கு,” என்றார்.

என் மனைவி பட்டாணியின் மூக்கைத் துடைத்து, தூக்கி அவர் இடுப்பில் உட்காரவைத்து, அவர் கையை எடுத்துப் பிள்ளையின் முதுகில் சரியாக வைத்தாள்.

“டைரக்டர் ரூமுக்கு மட்டுந்தான் சார். ஒங்க ரூமுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஷீட்ட எடுக்கற வரைக்கும் நீங்களும் அங்க உக்காராதீங்க,” என்றாள்.